விளம்பரத்தில் சொல்லாதது: மகனுக்கு ஒரு கடிதம்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பின விளம்பரத்தை அம்மா எனக்கு முழுக்க வாசித்துக் காட்டினா. இடுப்பெலும்பிலிருந்து மச்சை எடுத்து, அதிலுள்ள கலங்களைக் கண்ணுக்குள் ஏற்றினால் சீனி வருத்தத்தால் பழுதான விழித்திரை திருந்திவிடுமாம். என் கண்ணுக்கு அதைச் செய்ய, காசை நீயே கட்டுகிறாய் என்கிறாய். உன் மனம் எனக்கு விளங்குது ராசா. ஆனாலும் வேண்டாம்.

அவர்கள் சொல்வது முழுப்பொய் இல்லை, அதனால்தான் பயப்படுகிறேன். வளர்ந்தவர்களின் இரத்தத்திலும் இரத்தக் குழாய்ச் சுவராகக்கூடிய கலங்கள் ஓடுகின்றன என்று 1997இல் அசஹாரா என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதினார்கள். 2002இல் கலிபோர்னியாவில் பிரீட்லாண்டரின் குழு எலிக்குஞ்சுகளின் கண்ணில் மச்சைக் கலங்களை ஏற்றியது. பிறந்த எலியின் விழித்திரையில் குழாய்கள் அப்போதுதான் படரத் தொடங்கும். ஏற்றிய கலங்கள் அவற்றோடு போய்ச் சேர்ந்தன. விழித்திரை அழியும் இன எலிகளில் குழாய்கள் அழியாமல் நின்றன. விளம்பரம் இதோடு நிற்கிறது. அதே ஆண்டு புளோரிடாவில் மரியா கிராண்டின் குழு கண்டதைச் சொல்லவில்லை: காயப்பட்ட எலி விழித்திரையில் புதிதாக முளைத்த குழாய்களிலும் மச்சையிலிருந்து வந்த கலங்களே இருந்தன.

என் கண்ணைக் கெடுத்ததும் அப்படி முளைத்த குழாய்கள்தான். சீனியால் நுண்குழாய்கள் அடைபட, ஒட்சிசன் போதாத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கும். உடனே மெல்லிய குழாய்கள் கண்டபடி முளைத்து, இரத்தம் கசிந்து, பார்வையை மறைக்கும். எனக்குச் செய்த லேசரும் போட்ட ஊசியும் அந்த வளர்ச்சியை அடக்கத்தான். அடக்கி வைத்திருக்கிற இடத்தில் வளர்ச்சியைத் தூண்டக்கூடிய ஒன்றை ஏற்றுவதா? போதாததற்கு, சீனிக்காரரின் மச்சைக் கலங்களுக்குப் பழுதான இடத்தைத் தேடிப்போய்த் திருத்தும் வலுவும் குறைவு.

2017இல் வந்த மருத்துவ அறிக்கை ஒன்றையும் நீ தேடிப்பார். புளோரிடாவில் ஒரு கிளினிக்கில் மூன்று பெண்களுக்குக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களை இரண்டு கண்ணிலும் ஏற்றினார்கள். மூவருக்கும் பார்வை மோசமாகப் போனது. அவர்களும் காசு கட்டித்தான் போனவர்கள். முறையான ஆய்வில் வழக்கமாக ஒருவரிடமும் காசு வாங்கி ஊசி போடமாட்டார்கள்.

கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது படி எனக்கு இன்னும் தெரியுது. அது காணும்.

உனக்கும் சீனி என்று அம்மா சொன்னா. தொடக்கத்தில் கண்ணில் ஒரு குறியும் தெரியாது. துளி மருந்து விட்டு விழித்திரையை வருசாவருசம் காட்டத்தான் வேணும். திகதி எடுத்தவுடன் அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் போடு. அந்தக் காசு உன் கண்ணுக்கு இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா