ஜிஎஃப்ஏபி பளிச்சென்று எரிந்தால்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. மறதி நோயே இல்லாத 80 வயதுக்காரரின் மூளைத் துண்டில் ஜிஎஃப்ஏபி புரதத்துக்குச் சாயம் போட்டுப் பார்த்தால், நினைவுக்கான பகுதியான ஹிப்போகேம்பஸில் ஆஸ்ட்ரோசைட் எனும் நட்சத்திர வடிவத் துணைச் செல்கள் இப்படிப் பெருகியிருக்கின்றனவே என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் அவை பெருகியிருக்காது. முன்பே இருந்தவைதான் பருத்து, இப்போது நன்றாகச் சாயம் பிடிக்கின்றன.

ஜிஎஃப்ஏபி அந்தச் செல்லின் எலும்புக்கூடு மாதிரி. செல்லின் கன அளவில் 15 சதவீதம்தான் அதில் தெரியும். ஒரு மனித ஆஸ்ட்ரோசைட் தன் பஞ்சு போன்ற கிளைகளால் 20 லட்சம் சைனாப்ஸ் (நரம்புச் செல்கள் சந்திக்கும் இணைப்பு) வரை அணைத்திருக்கும். அந்தப் பஞ்சுக் கிளைகள் எதுவும் உன் படத்தில் வராது. நோயில்லாத கார்டெக்ஸில் (மூளையின் மேலடுக்கில்) பல ஆஸ்ட்ரோசைட்டுகள் இந்தப் புரதத்தைக் காட்டுவதே இல்லை. எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் ஆஸ்ட்ரோசைட்டை அடையாளம் காட்டும் சாக்ஸ்9 என்ற புரதத்துக்குச் சாயம் போடு. அது உட்கருவில் நிற்பதால் எண்ண வசதி. கார்டெக்ஸின் பெரும்பகுதியான நியோகார்டெக்ஸில் உட்கார்ந்து செல்களை எண்ணியவர்கள், வயது ஏறினாலும் ஆஸ்ட்ரோசைட் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருப்பதைத்தான் கண்டார்கள்.

அடுத்த சந்தேகம் உன் படத்தில் தெரியும் சிவப்புப் புள்ளிகள். அது லிப்போஃபஸ்சினாக, அதாவது வயதாக ஆகச் செல்லுக்குள் சேரும் கழிவு நிறமியாக, இருக்கலாம். வயதான மூளையில் அது நுண்ணோக்கியின் எல்லா ஃபில்டரிலும் தானாகவே ஒளிரும். ஆன்டிபாடி (தேடும் புரதத்தில் ஒட்டி அதை ஒளிரவைப்பது) வேலை முடிந்தபின், அந்தத் தானொளியை மறைக்க 70 சதவீத எத்தனாலில் 0.1 சதவீத சுடான் பிளாக் என்ற கறுப்புச் சாயம், 5 முதல் 10 நிமிடம், பிறகு வெறும் பஃபர் கரைசலில் கழுவு. பழக்கதோஷத்தில் டிரைட்டான் என்ற சோப்புப் பொருள் கலந்த பஃபரை எடுத்துவிடாதே, சுடான் பிளாக் கரைந்து ஓடிவிடும். சுடான் பிளாக்கில் நேரம் கூடினாலும் தொல்லை: சிவப்புப் பக்கத்தில் பின்னணி ஏறும். எது தானாக ஒளிர்வது என்று ஒப்பிட, ஆன்டிபாடியே போடாத துண்டு ஒன்று ஒவ்வொரு தடவையும் கூடவே ஓடட்டும்.

அல்சைமரில் படியும் டவ் புரதத்தைக் காட்டும் சாயத்தில் மூளை உறைக்குக் கீழும் ரத்தக்குழாயை ஒட்டியும் முள்முள்ளாக ஆஸ்ட்ரோசைட்டுகள் தெரிந்தால் உடனே அல்சைமர் என்று எழுதிவிடாதே. அது முதுமையில் வரும் டவ் ஆஸ்ட்ரோகிளையோபதி, அதாவது ஆஸ்ட்ரோசைட்டுகளில் டவ் படியும் மாற்றம். 2016-ல் பெயர் வைத்தார்கள். மறதி இல்லாதவர்களிடமும் இருக்கும். ஆஸ்ட்ரோசைட்டுகளைத் தீங்கு செய்யும் ஏ1, காக்கும் ஏ2 என்று பிரித்து எழுதும் பழக்கத்தையும் விடு. 2021-ல் துறைக்காரர்கள் கூடி, அந்த இரட்டைப் பிரிவு செல்லாது என்று சொல்லியாகிவிட்டது.

எனக்கு இப்போது ஆர்வமெல்லாம் அக்வாபோரின்-4 என்ற, செல்லுக்குள் நீர் போய்வர வழிவிடும் புரதத்தின் மேல்தான். ஆஸ்ட்ரோசைட் தன் பாதங்களால் ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்குமே, அந்த இடத்தில் இந்தப் புரதம் நெருக்கமாக இருக்க வேண்டும். 2017-ல் வந்த ஆய்வில், அல்சைமர் மூளைகளின் ஃப்ரன்டல் (முன்பக்க) கார்டெக்ஸில் அது குழாயை விட்டுச் சிதறியிருந்தது; 85 தாண்டியும் நினைவு தெளிவாக இருந்தவர்களிடம் இடம் மாறாமல் இருந்தது. ஆகவே மொத்த ஒளியை அளக்காதே. குழாயை ஒட்டிய ஒளியையும் சுற்றுத் திசுவின் ஒளியையும் தனித்தனியே அளந்து விகிதம் எடு. குழாய் குறுக்காக வெட்டுப்பட்ட இடமாகப் பார்த்துக்கொள். சாய்வாக வெட்டுப்பட்டால் பாதங்கள் பரந்து தெரிந்து, விகிதம் பொய் சொல்லும்.

அந்த 80 வயதுக்காரரின் ஃப்ரன்டல் துண்டு மீதமிருந்தால் முதலில் அதில் அக்வாபோரின்-4 சாயம் போட்டுப் படத்தை அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்