பிளக்-இன் வாங்கப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். எல்லாம் கணினியில் ஒலியை மாற்றும் பிளக்-இன் மென்பொருள்கள்: சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் மூன்று, எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் இரண்டு, பழைய டேப் மாதிரி ஒலிக்கவைக்கும் டேப் எமுலேஷன் ஒன்று, கிடார் ஆம்ப்ளிஃபயர்கள் மாதிரி ஒலிக்கும் ஆம்ப் தொகுப்பு ஒன்று. தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, எதை எடுக்கலாம் அம்மான் என்று கேட்டிருக்கிறாய். கூடவே வந்த மிக்ஸை, அதாவது ட்ராக்குகளை நீ சேர்த்துவைத்த பாட்டைத்தான் முதலில் கேட்டேன், ஹெட்போனில் ஒரு தடவை, ஸ்பீக்கரில் ஒரு தடவை. பாட்டு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அதில் இருக்கும் குறைகளில் எதையும் அந்தப் பட்டியல் தீர்க்காது. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறேன். நம் பக்கம் வீட்டு அறையில் உட்கார்ந்து ரெக்கார்டிங் செய்கிற பிள்ளைகள் பெருகிவிட்டதால் பொதுவிலும் போடுகிறேன்.

முதலில் கிடார். உன் ரிதம் கிடாருக்கு அடியில் ஒரு ஹம் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 100, 150 எல்லாம் சேர்ந்த சத்தம் அது. அதற்கு நாய்ஸ் கேட் போட்டிருக்கிறாய். வாசிக்காத இடத்தில் கேட் வாயை மூடும், சரி. வாசிக்கும்போது ஹம்மும் கூடவே உள்ளே வருகிறது, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் எஃபெக்ட் அதை ஊதிப் பெரிதாக்குகிறது. உன்னுடையது சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைக் காந்தச் சுருள்) உள்ள கிடார், கொஞ்சம் ஹம் இருக்கத்தான் செய்யும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் வாசி. இன்வெர்ட்டர் ஓடும்போது ரெக்கார்ட் செய்யாதே. நாற்காலியோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் பார், ஏதோ ஒரு பக்கம் பார்த்து உட்காரும்போது ஹம் சட்டென்று இறங்கும், அங்கேயே உட்கார்ந்து வாசி. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் பார்க்கச் சொல். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், பின்னால் எர்த் கம்பியே போயிருக்காது. இது சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை, உன் உயிருக்காகவும் சொல்கிறேன்.

கிடாரைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' (இன்ஸ்ட்ருமென்ட்) என்று ஒரு பட்டன் இருக்குமே, அதை அமுக்கினாயா? கேட்டால் அமுக்காத மாதிரிதான் தெரிகிறது. எலக்ட்ரிக் கிடார் பிக்கப்புக்கு ஒரு மெகா ஓம் அளவிலான மின்தடை உள்ள இன்புட் வேண்டும். லைன் இன்புட்டில் செருகினால் ட்ரெபிள் என்கிற உச்ச ஒலி அங்கேயே செத்துவிடும். அப்புறம் ஈக்யூவில் (ஈக்வலைசரில்) ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும்.

ஆம்ப் தொகுப்பு பற்றி. அதில் நாற்பது ஆம்ப் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கிடார் சத்தத்தில் பாதிக்கு மேல் கேபினட், அதாவது ஸ்பீக்கர் பெட்டிதான், தம்பி. 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் வேகமாகக் கீழே இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பை அதுதான் வடிகட்டுகிறது. உன் லீட் கிடார் கொசு மாதிரி ரீங்காரமிடுவதற்குக் காரணம் பொருந்தாத கேபினட் ஐஆர், அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடித்துவைத்த ஃபைல். ஆம்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஐஆரை மட்டும் மாற்றி மாற்றிக் கேள், நாற்பது ஆம்ப் தராத வித்தியாசம் நாலு ஐஆரில் தெரியும். டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினையும் இப்போது இருப்பதில் பாதியாக இறக்கு. தனியாகக் கேட்டால் சப்பென்று இருக்கும். இடமும் வலமுமாக இரண்டு கிடார் சேரும்போது சரியாக வந்துவிடும். அந்த இரண்டையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். ஒரே டேக்கைக் காப்பி செய்து இரண்டு பக்கம் தள்ளினால் அது நடுவில்தான் கேட்கும். அதை அகலமாக்க நீ போட்டிருக்கும் ஸ்டீரியோ ஒயிடனரை எடுத்துவிடு.

கம்ப்ரஸருக்கு நான் ஒரு பழக்கம்தான் சொல்லித்தருவேன். எந்த எஃபெக்ட் போட்டாலும், போடுவதற்கு முன்னும் பின்னும் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்கும்படி அவுட்புட்டைச் சரிசெய். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எஃபெக்டை நிறுத்தி வைக்கும் பைபாஸை அமுக்கி அமுக்கிக் கேள். ஒரு டெசிபல் கூடினாலே காது 'இது நன்றாக இருக்கிறது' என்று தீர்ப்புச் சொல்லிவிடும். சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸ் என்கிற அடி ஒலி நமக்குக் குறைவாகத்தான் கேட்கிறது என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். பல கம்ப்ரஸர் பிளக்-இன்கள் சத்தத்தைத் தாங்களாகவே ஏற்றிக் கொடுக்கின்றன. அளவைச் சமன் செய்து கேட்டால், போட்ட எஃபெக்டில் பாதியை நீயே கழற்றிவிடுவாய்.

முன்பே அமைத்துவைத்த பிரீசெட்டும் கம்ப்ரஸரில் உதவாது. த்ரெஷோல்ட், அதாவது எந்த அளவைத் தாண்டினால் கம்ப்ரஸர் அமுக்கும் என்பது, உள்ளே வரும் சத்தத்தைப் பொறுத்தது. யாரோ ஒருவர் தன் ட்ராக்குக்கு வைத்த எண் உன் ட்ராக்குக்கு எப்படிப் பொருந்தும்? டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் கிடாருக்கு அட்டாக்கை, அதாவது கம்ப்ரஸர் அமுக்க எடுக்கும் நேரத்தை, 20, 30 மில்லி விநாடியில் வைத்துத் தொடங்கு. கம்பியை மீட்டும் அந்த முதல் அடி தப்பித்து வெளியே வரட்டும், அதன் பிறகு அமுக்கினால் போதும். வீணைக்கும் இதையேதான் செய்வேன். வீணைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு மீட்டை நசுக்கினால் மனசு கேட்காது.

இப்போது ரிவெர்ப். பட்டியலில் அதிக விலை இதற்குத்தான். எனக்குச் சொல்ல அதிகம் இருப்பதும் இதில்தான்.

ஆரம்பத்தில் ஸ்டூடியோக்காரர்கள் இதற்கு நிஜ அறையைத்தான் பயன்படுத்தினார்கள். காலி அறையில் ஒரு ஸ்பீக்கர், ஒரு மைக். பாடகரின் குரலை உள்ளே ஓடவிட்டு, சுவரில் பட்டுத் திரும்புவதைப் பிடித்து மிக்ஸில் சேர்ப்பார்கள். 1957-ல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் பெரிய எஃகுத் தகட்டை அதிரவைக்கும் இஎம்டி 140-ஐக் கொண்டுவந்தது. நீ குறித்திருக்கும் பிளேட் ரிவெர்ப் அந்தத் தகட்டின் கணினி வடிவம். அறை இல்லாதவர்களுக்குத் தகடு, தகடு வாங்க முடியாதவர்களுக்குப் பிளக்-இன். நமக்கோ அறையே இருக்கிறது.

கானாடுகாத்தானில் உங்கள் பெரிய வீடு வருஷத்தில் முக்கால்வாசி பூட்டித்தானே கிடக்கிறது? அந்த வளவின், அதாவது வானம் திறந்த முற்றத்தின், நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டிப் பார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, சுற்றிலும் தூண்கள். இவை எதுவும் ஒலியை உறிஞ்சாது. ஆனால் மேலே வானம் திறந்திருப்பதால் அந்தப் பக்கம் போன ஒலி போனதுதான். அதனால் தட்டியதும் சுவர்களிலிருந்து பளிச்சென்று ஒரு பதில் வரும், வால் நீளாது. குரலுக்கு அது ரொம்பப் பொருத்தம். அப்புறம் முகப்பை அடுத்த மூடிய கூடத்தில் தட்டு, அங்கே இழுத்துக்கொண்டே போகும். நீளமான நடையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே தட்டினால் 'டர்ர்ர்' என்று படபடக்கும். அங்கே மைக் வைக்காதே, எதில் போட்டாலும் தகரச் சத்தமாக ஒட்டிக்கொள்ளும். விசேஷத்துக்கு ஜமக்காளம் விரித்து ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும், வீடு காலியாக இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

அப்பச்சியிடம் சொல்லி, பங்காளிகளிடம் கேட்டுச் சாவி வாங்கு. குருவி கத்தத் தொடங்கும் முன்னே, விடியற்காலையில் போய்விடு. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சைன் ஸ்வீப்பை ஸ்பீக்கரில் ஓடவிட்டு மைக்கில் பிடி. அந்த ரெக்கார்டிங்கிலிருந்து ஸ்வீப்பை மென்பொருளில் கணக்குப் போட்டுப் பிரித்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது அந்த இடத்தின் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், அதாவது அதன் எதிரொலியின் அச்சு; மேலே சொன்ன ஐஆர் என்பதும் இதன் சுருக்கம்தான். ஸ்பீக்கரைத் தூக்கிப்போக வழியில்லை என்றால் பெரிய பலூனை ஊதி உடை. துல்லியம் குறையும், ஆனாலும் கேட்க நன்றாகவே இருக்கும். ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளோடு வரும் ரியாவெர்ப் பிளக்-இன்னில் அந்த வேவ் ஃபைலை ஏற்றினால் உன் பாடகி கானாடுகாத்தான் வளவில் நின்று பாடுவாள்.

நீ மிக்ஸில் பிரீ-டிலேயைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறாய், அதனால் சொற்கள் ரிவெர்ப்புக்குள் அமுங்குகின்றன. வளவில் சுவர் 5 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி போய்த் திரும்ப 10 மீட்டர். விநாடிக்கு 343 மீட்டர் என்ற கணக்கில் சுமார் 29 மில்லி விநாடி. அந்த இடைவெளிதான் பிரீ-டிலே. 30-ல் வைத்துப் பார், குரல் முன்னே வந்துவிடும். ரிவெர்ப்புக்குப் போகும் சிக்னலில் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடு. லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பழகிய வழி இது. அடி மண்டாது, 'ச', 'ஸ' தெறிக்காது.

சரி, ஒன்றுமே வாங்கக்கூடாதா என்றால், ரீப்பருக்கு 60 டாலர் உரிமம் வாங்கு, அந்தக் காசு நியாயமான காசு. அதிலுள்ள ஈக்யூவும் கம்ப்ரஸரும் உனக்கு இன்னும் வெகுகாலத்துக்குப் போதும். ஆம்ப்புக்கு நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம். மிதக்கிற மாதிரி பெரிய ரிவெர்ப் வேண்டுமானால் வால்ஹல்லா சூப்பர்மாசிவ், அதுவும் இலவசம். ஒரு பாட்டில் இன்ன குறை என்று வாயால் சொல்லத் தெரிந்து, கையில் இருப்பதை வைத்து அதைத் தீர்க்க முடியாமல் போனால், அன்றைக்கு எனக்கு போன் செய். என்ன வாங்குவது என்று சேர்ந்து பார்ப்போம்.

இந்த வாரம் ட்ராக்குகளைத் தனித்தனியாக, எஃபெக்ட் எதுவும் இல்லாமல், 24 பிட் வேவ் ஃபைலாக அனுப்பு. எம்பி3 வேண்டாம். லீட் கிடாரை மட்டும் இன்ஸ்ட் பட்டனை அமுக்கிவிட்டுத் திரும்ப வாசித்து அனுப்பு. நான் மிக்ஸ் செய்து ரீப்பர் ப்ராஜெக்டையே திருப்பி அனுப்புகிறேன், எங்கே என்ன போட்டிருக்கிறேன், எதைப் போடாமல் விட்டிருக்கிறேன் என்று திறந்து பார்த்துக்கொள்.

அன்புடன்,
அம்மான்
காரைக்குடி