புலிக் கணக்கில் எழுத வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளின் புலிக் கணக்கெடுப்புச் செய்திகள் பெரும்பாலும் ஒற்றை எண்ணோடு முடிந்துவிடுகின்றன. அந்த எண் வரும் வழியையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்.

காட்டை 2 சதுர கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, கால்தடமும் எச்சமும் கிடைக்கும் பாதைகளில், வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து தானே படமெடுக்கும் தானியங்கி கேமராக்களை ஜோடியாகக் கட்டுகிறார்கள். உடல் வரிகளை வைத்தே ஒவ்வொரு புலியையும் அடையாளம் காண்கிறார்கள்; ஆனால் ஒரு புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் வேறுவேறு. ஒரு பக்கப் படம் மட்டும் இருந்தால் ஒரே புலி இரண்டாக எண்ணப்படலாம். கேமராவின் உயரம் முழங்காலளவு, சுமார் 40 செ.மீ. இரண்டையும் நேருக்கு நேர் வைக்காமல் சற்று விலக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளிறடித்துவிடும். முன்னால் உள்ள புல்லை வெட்டாவிட்டால் வெயிலில் சூடேறி ஆடும் புல்லே மெமரி கார்டை நிரப்பிவிடும். இரு கேமராக்களின் கடிகாரமும் ஒத்துப்போகாவிட்டால் படங்களை ஜோடி சேர்ப்பது பெரும்பாடு. யானை பிய்த்தெறிவது தனிக்கதை.

எல்லாம் சரியாக அமைந்தாலும் சில புலிகள் எந்தக் கேமராவிலும் சிக்காது. பதிவான புலிகள் எத்தனை முறை, எங்கெங்கே மீண்டும் பதிவாயின என்பதை வைத்துத்தான் சிக்காதவற்றை மதிப்பிடுகிறார்கள். அதனால்தான் 2022 கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் சராசரி 3,682, மேல் எல்லை 3,925 என்று அறிவித்தார்கள். இனி சராசரியோடு எல்லைகளையும் சேர்த்தே வெளியிடுங்கள். காட்டுப் பாதையில் கேமராவைக் காண்போர் அதைத் தொடவோ திருப்பவோ வேண்டாம் என்ற வேண்டுகோளையும் அச்செய்தியிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கூடலூர்