ஆர்கனுக்கு வேண்டியது வார்னிஷ் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆலயங்களைப் புதுப்பிக்கும்போது கூரைக்கும் பீடத்துக்கும் கிடைக்கும் கவனம், பாடகர் மாடத்தில் தூசி படிந்து கிடக்கும் ஆர்கன் என்னும் இசைக்கருவிக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அது பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றுவிடுகிறது.

தேவகோட்டைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஆலயத்தில் இருப்பது, குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய பைப் ஆர்கன் அன்று. காலால் மிதித்துத் துருத்தியை இயக்க, பித்தளை நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும் சிறிய ஆர்கன். சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் 1883-இல் நிறுவப்பட்ட, இங்கிலாந்தின் யார்க்ஷயரில் செய்யப்பட்ட பைப் ஆர்கனோடு ஒப்பிட்டால் மலைக்கு முன் மடுதான். ஆயினும் இரண்டுக்கும் காற்றே உயிர். துருத்தித் தோல் காய்ந்து வெடித்தாலோ, காற்றறைப் பலகை பிளந்தாலோ, எலி கடித்தாலோ காற்று கசிந்து ஒலி கெடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், திருவிழாவை ஒட்டிப் பழுதுபார்க்க வந்த ஒருவர் பழைய தோலை உரித்துவிட்டு, ரெக்சினைச் செயற்கைப் பசையால் ஒட்டி, பெட்டிக்கு வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. இரண்டாம் கோடையிலேயே மடிப்புகளில் ரெக்சின் வெடித்துவிட்டது. அதைப் பிரித்தபோதுதான் உண்மையான கேடு தெரிந்தது: பசையோடு சேர்ந்து பலகையின் மேற்பரப்பும் சிம்பு சிம்பாகப் பெயர்ந்து வந்தது. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையால் அக்காலத்தில் ஒட்டியதன் அருமை அப்போதுதான் எனக்கு விளங்கியது. சூடும் ஈரமும் பட்டால் வச்சிரம் இளகும். ஐம்பது ஆண்டு கழித்து வருபவரும் மரத்துக்குச் சேதமில்லாமல் தோலை மாற்றலாம்.

பர்மாத் தேக்கில் நிலையும் கதவும் இழைத்த ஆசாரிமாரின் வழிவந்தவர்கள் செட்டிநாட்டில் இன்னும் இருக்கிறார்கள். பலகைப் பிளவை அடைப்பதும் துருத்திச் சட்டம் செய்வதும் அவர்களுக்குக் கைவந்த வேலை. ஆனால் சுருதி சேர்ப்பதை அவர்களிடம் விடலாகாது. பித்தளை நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய உலோகமோ திரும்ப வராது. பைப் ஆர்கனின் ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழல்கள் இன்னும் மென்மையானவை. தவறாகப் பிடித்தாலே நெளிந்துவிடும். அதற்கென்று பயின்றவரை வெளியூரிலிருந்து வரவழைப்பது வீண்செலவாகாது.

“இந்தச் செலவில் இரண்டு கீபோர்டு வாங்கலாமே” என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், பாடகர் குழுவுக்குக் கீபோர்டும் வேண்டியதே. அதற்காக ஆர்கனை விற்க வேண்டியதில்லை. இடிக்கப்பட்ட வீடுகளின் தூண்களும் கதவுகளும் விலைபோவதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆர்கனுக்கும் அந்தக் கதி வேண்டாம்.

இத்தகைய கருவி உள்ள பங்கு ஆலயங்கள், கழற்றும் முன் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து எண்ணிட்டு, எந்தத் தோல், எந்தப் பசை, யார் செய்த வேலை என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைக்குமாறு மறைமாவட்ட நிர்வாகங்கள் அறிவுறுத்த வேண்டும். எங்கள் ஆர்கனில் அப்படி ஒரு தாள் இல்லாததால், அதன் பழைய துருத்தி எத்தனை மடிப்புக் கொண்டது என்பதையே ஆணித் தடங்களை எண்ணித்தான் கண்டுபிடித்தோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாடகர் குழு ஆசிரியர்,
தேவகோட்டை.