ஜீன் டெஸ்ட் இருக்கட்டும், இதயத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை, அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த நோய் இருந்தால் வீட்டில் மற்றவர்களும் ஜீன் டெஸ்ட் எடுத்துக்கொள்வது நல்லது என்கிறது. ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் யோசனையை இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ.-டி.ஆர்.பி.1 மரபணுவின் பங்குதான் அதில் பெரிது. அது உண்டாக்கும் புரதத்தில் 70 முதல் 74 வரையிலான இடங்களில் அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வரிசையில் அமைந்துவிட்டால் ஆபத்து கூடும் என்பது 1987-லேயே முன்வைக்கப்பட்ட கருத்து. ஆனால், ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவருக்கும் வருவது நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத்தான். மேலைநாடுகளில் அதிகம் பேசப்படும் பி.டி.பி.என்.22 என்ற மற்றொரு மரபணுவின் மாற்றமோ இந்தியர்களிடம் மிக அரிது. அதில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நிம்மதியடைய ஒன்றுமில்லை.

உடன்பிறந்தவர்கள் முதலில் பீடி, சிகரெட்டை விடட்டும். ஆபத்தான அந்த எச்.எல்.ஏ. அமைப்போடு புகையும் சேரும்போது, ஆன்ட்டி-சிசிபி (ரத்தத்தில் காணப்படும் ஒரு எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் வகை முடக்குவாதம் வரும் வாய்ப்பு பல மடங்காகிறது. காலையில் விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்து, வீக்கமும் வாரக்கணக்கில் வடியாவிட்டால் ஆன்ட்டி-சிசிபி, ஆர்.ஏ. ஃபேக்டர், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும். மரபணு வரை போகத் தேவையில்லை.

கட்டுரை தொடாமலே விட்டது இதயத்தை. முடக்குவாதம் உள்ளவருக்கு மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிட்டு வரும் எண்ணை 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பான யூலார். பத்தாண்டு அபாயம் 8 சதவீதம் என்று வந்தால் அதை 12 என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நோய் உச்சத்தில் இருக்கும்போது எடுக்கும் லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) ஏமாற்றும். அழற்சி எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பின் அளவைக் கீழே இழுத்துவிடுவதால் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வரும். ரத்தக் குழாயில் கொழுப்பு படிவதோ நிற்காது. சிகிச்சையில் சி.ஆர்.பி. இறங்கியதும் எல்.டி.எல். சற்று ஏறும். மாத்திரைதான் கொழுப்பை ஏற்றிவிட்டது என்று பயந்து, முடக்குவாதத்துக்கான மருந்தான மெத்தோட்ரெக்சேட்டைத் தாங்களாகவே நிறுத்துபவர்கள் உண்டு. அழற்சி திரும்பினால் மூட்டுக்கும் கேடு, இதயத்துக்கும் கேடு. நோய் தணிந்த பிறகு எடுத்த அளவை வைத்தே, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது மாரடைப்பு அபாயத்தை மேலும் ஏற்றும். இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், அதற்கு முன்னால் ஐபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டால் ஆஸ்பிரினின் பலன் குறைந்துபோகலாம். மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்கும்போதே ஆஸ்பிரின் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும்.

– மூட்டுவாத மருத்துவர், திருச்சி