ட்ரான்சிட்டில் உட்காரப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

திரும்பி வரும் வழியில் ஏழு மணி நேரம் ஒரு விமான நிலையத்தில் கிடக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். "போகும்போது ரெண்டு மணி நேரத்துலயே மாறிட்டேன், ஏழு மணி நேரம் தாராளம்" என்றும் சேர்த்திருந்தாய். அந்த வரிதான் உறுத்தியது. போகும்போது எல்லாரும் பாஸ்போர்ட்டைப் பத்துத் தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள், கேட்டுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பார்கள். திரும்பும்போது மனசு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடுகிறது. ஏழு மணி நேரம் கையில் இருந்தும் விமானத்தை விடுவது அப்படித்தான்.

பெட்டியை ஏற்றும்போதே தொடங்கு. கவுன்டரில் ஒட்டும் டேக்கில் பெரிதாக மூன்று எழுத்து இருக்கும். அது நீ கடைசியாக இறங்கும் ஊரின் குறியீடா, இடையில் மாறும் ஊருடையதா என்று அங்கேயே நின்று பார். கடைசி ஊர் என்றால் பெரும்பாலும் பெட்டி தானாக வந்துவிடும். இடையூர் என்றால் நீதான் எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு இமிக்ரேஷன் தாண்டி வெளியே போக வேண்டும், விசா கேட்பார்கள். இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு கிடையாது. ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. அமெரிக்கா வழியாக வருவதென்றால் வெறும் ட்ரான்சிட் என்ற பேச்சே இல்லை. வேறு நாட்டுக்குப் போகிறவரும் அங்கே இமிக்ரேஷன் முடித்துத்தான் தாண்ட வேண்டும்.

அடுத்தது மணி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. போர்டிங் பாஸில் இருப்பது எப்போதும் அந்தந்த ஊர் நேரம். உன் போனோ ஏரோபிளேன் மோடிலேயே கிடக்கும், வைஃபை மட்டும் போட்டிருப்பாய். செல்போன் கோபுரத்தின் சிக்னல் கிடைக்காத போன் சில சமயம் கிளம்பிய ஊரின் மணியையே காட்டிக்கொண்டிருக்கும். இறங்கியதும் புறப்பாட்டுப் பலகையின் மூலையில் உள்ள மணியோடு ஒப்பிட்டுப் பார், ஒத்துப்போகாவிட்டால் கையால் மாற்று. தூங்கப்போனால் அலாரம் வைக்காதே, டைமர் வை. அலாரம் போனின் மணியை நம்பி இருக்கிறது. நடுவில் மணி மாறினால் அதுவும் நகர்ந்துவிடும். "மூன்றரை மணி நேரம் கழித்து அடி" என்று வைத்த டைமருக்கு எந்த ஊராக இருந்தால் என்ன?

தேதியிலும் ஒரு குழி உண்டு. 14ஆம் தேதி 00:25க்கு விமானம் என்றால், 13ஆம் தேதி ராத்திரியே நீ அங்கே இருக்க வேண்டும். 14ஆம் தேதி ராத்திரி சாவகாசமாக வந்து நிற்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புறப்படும் நேரம் என்பது விமானம் நகரும் நேரம். கேட் அதற்குப் பொதுவாக 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும். டைமர் புறப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு அடிக்கட்டும். எழுந்ததும் முதல் வேலை பலகையைப் பார்ப்பது. அச்சடித்த கேட் எண் மாறியிருக்கலாம், வேறு டெர்மினலுக்கு ரயிலேறிப் போக வேண்டியிருக்கலாம், அங்கே இன்னொரு செக்யூரிட்டி வரிசையும் நிற்கலாம். பல நிலையங்களில் இப்போது மைக்கில் கூப்பிடுவதே இல்லை.

தூங்கலாமா என்றால், வீட்டில் இப்போது என்ன மணி என்று பார்த்து முடிவு செய். அங்கே ராத்திரி என்றால் தூங்கு, பகல் என்றால் வெளிச்சமுள்ள கண்ணாடிச் சுவர்ப் பக்கம் நட. உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். அதன் இயல்பான சுற்று 24 மணிக்குச் சற்றே அதிகம். அதனால் ஒரு நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவது கஷ்டம். நாளைச் சுருக்கிவிடும் கிழக்குப் பயணம் அதிகம் படுத்துவது இதனால்தான். காபியை அளந்து குடி. குடித்த காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி வைத்திருப்பதே யாரும் நீட்டிப் படுக்கக் கூடாது என்றுதான். கைப்பிடி இல்லாத வரிசை எங்காவது ஓரத்தில் இருக்கும், தேடு. பாஸ்போர்ட் உடம்போடு, பையின் வார் காலைச் சுற்றி.

டியூட்டி ஃப்ரீயில் சென்ட் வாங்குவாய், தெரியும். இன்னொரு விமானம் மாற வேண்டும் என்று பில் போடுமுன்பே சொல். சிவப்பு விளிம்புள்ள பையில் ரசீதோடு சீல் வைத்துத் தருவார்கள். மணம் பார்க்கலாம் என்று அந்தப் பையைக் கிழித்தால், அடுத்த சோதனையில் 100 மில்லிக்கு மேல் உள்ள பாட்டில் பெரும்பாலும் குப்பைத் தொட்டிக்குத்தான். வீடு சேரும்வரை கை வைக்காதே.

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகு: 74, பிரச்சினை இல்லை. ஆனால் கேபின் நிறைந்துவிட்டது என்று கேட்டில் உன் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்புவார்கள் பார், அந்த அவசரத்தில் பவர் பேங்கும் மாத்திரையும் பாஸ்போர்ட்டும் சேர்ந்தே போய்விடும். மூன்றையும் முன்கூட்டியே ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு மேலாக வை. உருவி எடுக்க மூன்று விநாடி போதும்.

மிச்ச நேரத்தில் போனில் உள்ள படங்களுக்குப் பெயர் எழுது. யார், எந்த ஊர், எந்தத் தெரு. வீட்டுக்கு வந்தபின் அதைச் செய்ய மாட்டாய். பயணம் இன்னும் வாசனை போகாமல் இருக்கும் கடைசி இடம் அந்த நாற்காலிதான்.

ஊரில் இறங்கிப் பெட்டி வரவில்லை என்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வராதே. பெல்ட்டுக்குப் பக்கத்திலுள்ள மேசையில் புகார் எழுதிக் குறிப்பு எண் வாங்கு. 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, உடைந்திருந்தால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். டேக்கின் துண்டை அதுவரை வைத்திரு. அதிலுள்ள பத்து இலக்க எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். பெட்டி ஒழுங்காக வந்துவிட்டால், வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பிடியில் தொங்கும் டேக்கை வெட்டிப் போடு. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் குட்டி பார்கோடு ஸ்டிக்கர்களையும் நகத்தால் சுரண்டி எடு. அடுத்த பயணத்தில் ஸ்கேனர் பழையதைப் படித்துவிட்டால், நீ ஒரு பக்கம் போவாய், பெட்டி இன்னொரு பக்கம் போகும்.

அன்புடன்,
அக்கா