டயரிலிருந்து தலைமை வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் ஃபார்முலா ஒன் கார் பந்தயச் செய்தி என்றால் ஓட்டுநர்களின் பெயர்களும் வெற்றி மேடைப் படங்களுமே இடம்பெறுகின்றன. அணியை நடத்துபவர்களைப் பற்றியும் எழுத வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம். ஹாஸ் அணியின் தலைவரான ஜப்பானியர் அயாவோ கோமட்சுவை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

பிரிட்டனின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் வாகனப் பொறியியல் படித்த கோமட்சு, 2003-இல் பி.ஏ.ஆர். (பிரிட்டிஷ் அமெரிக்கன் ரேசிங்) அணியில் சேர்ந்தார். 2006-இல் ரெனோ அணிக்குச் சென்று டயர் பொறியாளராகப் பணியாற்றினார். பின்னர் லோட்டஸ் என்று பெயர் மாறிய அதே அணியில் ஓட்டுநர் ரோமன் குரோஜானின் பந்தயப் பொறியாளர் ஆனார். 2013-இல் ஜப்பானின் சுசுகாவில் குரோஜான் மூன்றாம் இடம் பிடித்தபோது அணியின் வானொலித் தொடர்பில் அவரை வழிநடத்தியவர் கோமட்சுவே. சொந்த நாட்டு மண்ணில் கிடைத்த அந்த இடம் அவருக்கு எவ்வளவு இனித்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. 2016-இல் புதிதாகக் களமிறங்கிய ஹாஸ் அணிக்கு அவர் தலைமைப் பந்தயப் பொறியாளராகச் சென்றார்.

2023-இல் அந்த அணி பன்னிரண்டே புள்ளிகளுடன் கடைசி இடத்தில் முடித்தது. காரில் வேகம் இல்லாமல் இல்லை. கனடாவில், புறப்படும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் இரண்டாவதாக வந்த அணியின் ஓட்டுநர் ஹுல்கன்பர்க், அபராதத்தால் ஐந்தாம் இடத்திலிருந்து புறப்பட்டு, பந்தயத்தைப் பதினைந்தாவதாகவே முடித்தார். ஒரு சுற்றில் பறக்கும் கார், பந்தய தூரம் முழுவதும் ஓடும்போது டயர்களைத் தேய்த்துத் தீர்த்துவிடும் என்பதே அந்த ஆண்டு முழுவதும் அணியை வாட்டிய குறை. 2024 ஜனவரியில் குந்தர் ஸ்டைனருக்குப் பதிலாகத் தலைமைப் பொறுப்பேற்ற கோமட்சு, பஹ்ரைனில் நடந்த சோதனை ஓட்டங்களில் வேகப் பட்டியலில் முந்துவதைப் பொருட்படுத்தாமல், நீண்ட ஓட்டங்களில் டயர் எப்படித் தேய்கிறது என்பதை அறிவதற்கே நேரத்தைச் செலவிட்டார். டயரோடு வளர்ந்த ஒருவர்தான் இந்த முடிவை இவ்வளவு உறுதியாக எடுத்திருக்க முடியும் என்பது என் கருத்து.

அவ்வாண்டு சவூதி அரேபியாவின் ஜெத்தாவில் நேரத் தண்டனை பெற்றுப் புள்ளி வாய்ப்பை இழந்த அணியின் மற்றொரு ஓட்டுநர் மேக்னுசன், பின்னால் வந்தவர்களைத் தடுத்து நிறுத்த, அந்த இடைவெளியில் ஹுல்கன்பர்க் பத்தாவதாக வந்து ஒரு புள்ளி ஈட்டினார். அந்த ஒற்றைப் புள்ளியின் மதிப்பைச் சிறிய அணிகளே அறியும். பணியாளர் எண்ணிக்கையில் மிகச் சிறியதான ஹாஸ், அந்த ஆண்டு 58 புள்ளிகளுடன் ஏழாம் இடத்துக்கு உயர்ந்ததோடு, அக்டோபரில் டொயோட்டாவுடன் தொழில்நுட்பக் கூட்டும் அமைத்துக்கொண்டது.

ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் முடிவுகளோடு, டயர் உத்தி எங்கே பலித்தது, எங்கே பிசகியது என்று சில பத்திகளேனும் தங்கள் நாளிதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்